மடி

அறுபத்தொரு நாள் தடை.
மண்டபம் வடக்குத் துறையில் விசைப்படகுகள்
ஒன்றன் விலாவில் ஒன்று சாய்ந்து
வேலையற்ற ஆட்கள் மாதிரி உரசிக்கொண்டு கிடந்தன.
கரையில் நான்.

ரெக்சலின் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.
தடைக்கு ஐஸும் இல்லை, கணக்கும் இல்லை.
பழைய ரசீதுகளின் முதுகில்
சொற்களைப் போட்டு உடைக்க ஆரம்பித்தாள்.

மாசியில் மடியோடு ஏறி வந்த
கடல்குதிரையைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தேன்.
விரல் நீளம். வயிறு புடைத்த ஆண்.
அந்த இனத்தில் சுமப்பது அப்பன்.
திருப்பி விட்டுவிட்டேன், விடுமுன்
உள்ளங்கையில் என்னவோ துடித்தது.

"சொல்லிலும் உண்டு" என்றாள்.
"தன்னைப் போலவே ஒன்றை
மடியில் வைத்திருக்கிற சொல்.
எழுத்தின் வரிசை மாறக் கூடாது.
உள்ளே இருப்பதும் அதே பொருள் தர வேண்டும்.
விதி அவ்வளவுதான்."

வையகம் என்று எழுதினாள்.
கட்டைவிரலால் க-வை மறைத்தாள்.
வையம் எட்டிப் பார்த்தது.
மன்னவன். வ-வைத் தூக்கினாலும் மன்னன்,
கிரீடம் கோணவில்லை.
பரதவர் என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள்.
த-வை நானே எடுத்தேன்.
பழம்பாட்டில் இருந்தவர்கள்
பரவர் ஆகி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

என் பங்குக்கு மரக்கலம் என்றேன், உள்ளே கலம்.
"அது கட்டுமரம். இரண்டைச் சேர்த்துக் கட்டினது.
பிள்ளை இல்லை."
திமிங்கலம்?
"அதுவும் கலம்தான். விழுங்கியிருக்கும், பெத்திருக்காது."
நாவாய்க்குள் நாய் என்றபோது மட்டும் சிரித்தாள்.
அணியத்தில் படுத்திருந்தது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்துக்கொண்டது.

மரணத்துக்குள் மணம் என்றேன்.
அடித்துவிட்டாள், தாள் கிழிகிற மாதிரி.

பிறகு அவளே காதலன் என்று எழுதி
த-வை எடுத்துக் காலனைக் காட்டினாள்.
எதிர்ப்பொருளுக்கு மார்க் கிடையாது என்றேன்.
"எதிர்ன்னு யார் சொன்னா?"

கச்சான் காற்று மணலை வாரி
ரசீதுகள்மேல் போட்டது. ஊதித் தள்ளிவிட்டு
மனைவி என்று எழுதினாள், மனை தெரிந்தது.
வாரிதி என்று எழுதினாள், வாரி.
கடலுக்குள் கடல்.
"ரெண்டும் கடைசி எழுத்தை வெட்டினது.
அது மடி இல்லை, வால்" என்றேன்.
"வாலால்தானே உன் குதிரை
பாசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?
விட்டால் அலையோடு போய்விடாதா?"
அதற்கு மேல் எனக்கு வழக்கில்லை.

தடை முடிந்த அன்று
கம்பெனி வாசலில் ஐஸ் உடைகிற சத்தம்
ஊர் முழுக்கக் கேட்டது.
டோக்கன் வாங்கி, டீசல் அடித்து,
நாற்பது பார் ஏற்றினோம்.
ரசீதை அவளே கொண்டுவந்து
சட்டைப்பையில் செருகினாள்.

டவர் போனபிறகு எடுத்துப் பார்த்தேன்.
ஐஸ், தேதி, படகு நம்பர்.
பாக்கி என்ற இடத்தில் எண் போடவில்லை.

திருப்பினேன்.
அன்று விரலுக்கடியில் மறைந்தவை, வெட்டுப்பட்டவை
எல்லாம் வரிசையாக:
க வ த வி தி

நனைந்த தாளில் எழுத்துகள் நெருங்கி வந்தன.
நடுவில் தவி.
ஓரத்தில், மனைவியிடம் மிஞ்சியதும்
வாரிதியிடம் மிஞ்சியதும் கைகோத்து
விதி.

விளையாட்டின் விதியென்றுதான் படித்தேன்.
வேறு மாதிரிப் படிக்கலாம்,
இந்தத் தண்ணீரில் படிக்க வேண்டாம்.

"மடியை இறக்கவா, டிரைவர்?"
பின்னாலிருந்து கேட்டான் இன்னாசி.

மடி.
வலை, பை, படுக்க ஓர் இடம்.
இன்னொன்றும் உண்டு அதற்கு.

"இறக்கு" என்றேன்.